கொடுக்க முடியாத மோதிரம்: மிகுபுனைவில் சாவாமையும் இருட்பொருளும்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937-இல் முதலில் அச்சானபோது அதன் ஐந்தாம் அத்தியாயம் இன்று நாம் படிப்பதுபோல் இல்லை. மலையடியில், இருட்டு ஏரிக்கரையில், பில்போ என்ற ஹாபிட்டும் அங்கே வாழும் கொல்லம் என்ற பிராணியும் விடுகதை போடுகிறார்கள். பில்போ வென்றால் கொல்லம் அவனுக்கு ஒரு பரிசு தரவேண்டும். அந்தப் பரிசு, அணிந்தவரை மறைக்கும் ஒரு மோதிரம்தான். தோற்றுப்போன கொல்லம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மோதிரத்தை எடுத்துவரப் போகிறான். தேடுகிறான், கிடைக்கவில்லை. அது ஏற்கெனவே பில்போவின் சட்டைப்பையில் இருக்கிறது. வாக்குத் தவறிவிட்டோமே என்று கொல்லம் நொந்துபோய், மன்னிப்புக் கேட்டு, பரிசுக்கு ஈடாக வெளியேறும் வழியைக் காட்டுகிறான்.

1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்தக் காட்சி அடியோடு மாறிவிட்டது. பந்தயமே வேறு: பில்போ வென்றால் கொல்லம் வழிகாட்ட வேண்டும், அவ்வளவுதான். மோதிரத்தைத் தருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது காணாமல் போனது தெரிந்ததும் கொல்லம் கொலைவெறியோடு துரத்துகிறான். பிடிக்க முடியாமல் போகும்போது, காலத்துக்கும் தீராத வெறுப்பை அந்த இருட்டில் கத்தித் தீர்க்கிறான்.

இந்த இரண்டு பதிப்புகளுக்கும் நடுவே டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிக்கொண்டிருந்தார். அணிந்தவரை மறைக்கும் வேடிக்கை மோதிரம், சௌரான் என்ற இருட்தலைவன் தன் ஆற்றலின் பெரும்பகுதியை வார்த்துச் செய்த ஆதிக்க மோதிரமாக வளர்ந்துவிட்டது. பழைய கதையைப் புதிய கதைக்குப் பொருத்தவே அவர் அத்தியாயத்தைத் திருத்தினார் என்பது வழக்கமான விளக்கம். தவறில்லை. ஆனால் திருத்தம் எந்த இடத்தில் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மோதிரத்தின் தோற்றமோ மறைக்கும் திறனோ மாறவில்லை. அது இருட்பொருளானவுடன் அதனிடமிருந்து முதலில் பறிபோனது, பரிசாகக் கொடுக்கப்படும் தகுதி.

இக்கட்டுரையின் வாதம் அங்கிருந்து கிளம்புகிறது. நவீன மிகுபுனைவில் சாவாமை தேடுபவன் செய்துவைக்கும் இருட்பொருளைப் பற்றிப் பேசும்போது, அதற்குள் அடைபட்ட உயிரையும் அதைச் செய்யச் சிந்திய ரத்தத்தையும் மட்டுமே நாம் பேசுகிறோம். அந்தப் பொருள் வாரிசை மறுக்கிறது என்பது அதைவிட அடிப்படையானது. மனிதர் மடிய, அவர்கள் வைத்திருந்த பொருள் அடுத்த கைக்குப் போகும். பொருளுக்கும் மனிதருக்கும் உள்ள இயல்பான உறவு இது. சாவாமை தேடுபவன் இந்த உறவைத் தலைகீழாக்குகிறான். பொருள் அவனுக்கு அப்பால் போகக்கூடாது. அவன்தான் பொருளுக்குள் தங்க வேண்டும்.

இதற்கு முன் இருக்கும் விளக்கம் வேறு. ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'தி கோல்டன் பௌ' நூலில், உயிரை உடலுக்கு வெளியே ஒளித்துவைக்கும் கதைகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டி அடுக்கினார். தமிழ் வாசகருக்கு இது அறிமுகம் தேவையில்லாத சங்கதி. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். மயில்ராவணன் கதையில் கிளிக்குப் பதில் வண்டுகள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் தோர்பினே பாப்பிரஸில், சுமார் 3200 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்தியக் கதையில், பாட்டா என்ற இளைஞன் தன் இதயத்தை எடுத்து மரத்தின் பூவில் வைக்கிறான். ரஷ்யாவின் கஷ்சேயுக்கு உயிர் ஊசிமுனையில், ஊசி முட்டையில், முட்டை வாத்தில், வாத்து முயலில். நாட்டார் வழக்காற்றியலார் இதற்கு ஈ710 என்று கூறெண்ணே கொடுத்துவிட்டார்கள்.

டோல்கீனுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். 1939-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றி 1947-இல் விரித்து அச்சிட்ட தேவதைக் கதைகள் பற்றிய உரையில் அந்த எகிப்தியக் கதையைக் குறிப்பிடுகிறார். இதயத்தை வீட்டில் விட்டுவந்தேன் என்று சொல்லித் தப்பும் குரங்கின் கதையும் அதில் வருகிறது. அவர் எடுத்துக்கொண்டது ஆண்ட்ரூ லாங் தொகுத்த சுவாஹிலி வடிவம்; நாம் பஞ்சதந்திரத்தில் முதலையோடு படித்த அதே குரங்கு. 1958-இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில், சௌரானின் மோதிரமும் உயிரையோ ஆற்றலையோ வெளிப்பொருளில் வைக்கும் பழைய மரபைச் சேர்ந்ததே என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ரௌலிங்கின் நாவல்களில் ஆன்மாவின் துண்டை அடைத்துவைக்கும் ஹார்க்ரக்ஸ் என்ற பொருளையும் அதே வரிசையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள்.

எனக்கு அது போதவில்லை. கிளி யாரையும் கெடுப்பதில்லை. முட்டையை ஒரு மாதம் மடியில் வைத்திருந்தாலும் இளவரசனுக்குப் பேராசை பிடிக்காது. நாட்டார் கதையின் உயிர்ப்பொருள் வெறும் மறைவிடம். "எங்கே இருக்கிறது?" என்பதுதான் கதையின் கேள்வி. எப்படி அங்கே வந்தது, அரக்கன் அதற்கு என்ன விலை கொடுத்தான் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை, எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. மோதிரமும் ஹார்க்ரக்ஸும் அப்படியல்ல. தொட்டவரைத் தின்கின்றன. இந்த நச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஃப்ரேசரிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடி நாட்டார் கதைக்குள்ளேயே இன்னும் சற்றுக் கூர்ந்து பார்க்கலாம். 1868-இல் மேரி ஃப்ரேர் வெளியிட்ட 'ஓல்ட் டெக்கான் டேஸ்' தொகுப்பில் புஞ்ச்கின் என்ற மந்திரவாதியின் கதை இருக்கிறது. ஃப்ரேசர் கையாண்ட கதைகளில் ஒன்று. சொன்னவர் அன்னா லிபராட்டா டி சோசா என்ற ஆயா. தன் பாட்டியிடம் கேட்ட கதைகள் என்று அவரே தன் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். புஞ்ச்கின் ஓர் அரசகுமாரியைப் பன்னிரண்டு ஆண்டு அடைத்துவைத்திருக்கிறான். அவள் கணவனும் அவன் சகோதரர்களும் கல்லாகிக் கிடக்கிறார்கள். தொட்டிலில் விட்டுவந்த மகன் வளர்ந்து தேடிவருகிறான். அவள் நயமாகப் பேசி மந்திரவாதியின் வாயைப் பிடுங்குகிறாள்: நடுக்காட்டில் பனைமரங்கள் சூழ ஆறு தண்ணீர்ச் சட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஆறாவது சட்டிக்கு அடியில் சிறு கூண்டு, அதற்குள் பச்சைக்கிளி. மகன் கிளியைக் கொண்டுவந்து இறக்கையைப் பிய்க்க, மந்திரவாதியின் கை கழன்று விழுகிறது. கழுத்தைத் திருக, கதை முடிகிறது. கற்கள் ஆட்களாகி எழுகின்றன.

ஒரு நார்வேக் கதையில், இதயத்தை வெளியே ஒளித்துவைத்த அரக்கனும் இதே மாதிரிதான். இதயம் வாசற்படிக் கல்லுக்கு அடியில் என்று முதலில் பொய் சொல்கிறான். அடைபட்டிருக்கும் இளவரசி அந்தக் கல்லின்மேல் பூத்தூவி வைக்கிறாள். வீடு திரும்பிய அரக்கன் யார் இதைச் செய்தது என்று கேட்கிறான். உன் இதயம் இருக்கும் இடமாயிற்றே, சும்மா விடுவேனா என்கிறாள். அடுத்த பொய் அலமாரி, அதற்கும் பூ. மூன்றாம் நாள் உண்மை வந்துவிடுகிறது. சாகாதவனின் வாயைத் திறந்தது இரண்டு கைப்பிடிப் பூ. இந்தக் கதையில் எனக்கு மறக்காத இடம் அது.

இந்தக் கதைகளில் அரக்கன் எதை அடைத்துவைத்திருக்கிறான்? தன் உயிரைக் கிளிக்குள் வைத்திருப்பது ஒன்று. ஒரு பெண்ணை, அவள் வழியாக ஒரு குடும்பத்தின் தொடர்ச்சியை, அடைத்திருப்பது இன்னொன்று. கணவன் கல், மகன் எங்கோ, தாய் சிறையில். அரக்கன் சாகாதவரை அடுத்த தலைமுறை நகர வழியில்லை. ஆக, சாவாமைக்கும் தலைமுறைத் தடைக்கும் உள்ள முடிச்சு நாட்டார் கதையிலேயே விழுந்துவிட்டது. ஆனால் இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கின்றன: உயிர் கூண்டில், தடை சிறையில். நவீன மிகுபுனைவு செய்தது, சிறையிலிருந்த பெண்ணின் இடத்தைப் பொருளுக்குக் கொடுத்தது. அடைபட்ட தொடர்ச்சியும் ஒளித்துவைத்த உயிரும் ஒரே மோதிரத்தில், ஒரே கிண்ணத்தில் வந்து சேர்ந்துவிட்டன. பொருளுக்குக் குணமும் நச்சும் ஏறியது அந்தச் சேர்க்கையில்தான் என்பது என் கணிப்பு.

ஃப்ரேசரின் நூல் வந்த அதே 1890-இல், லிப்பின்காட் மாத இதழில், ஆஸ்கர் வைல்டின் 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே' வெளியானது. நாட்டார் கதைக்கும் நவீன மிகுபுனைவுக்கும் இடைவழியில் நிற்கும் படைப்பு அது. டோரியனின் உருவப்படம் பேசில் என்ற நண்பன் அன்போடு வரைந்து கொடுத்த பரிசு. மூப்பும் பாவமும் படத்தில் ஏற ஏற, டோரியன் அதைத் தான் சிறுவயதில் படித்த மாடி அறையில் பூட்டுகிறான், ஒரு காலத்தில் பிணங்களைப் போர்த்தப் பயன்பட்டிருக்கக்கூடிய பட்டுத் துணியால் மூடுகிறான். பார்க்கப்படுவதற்கென்றே பிறந்த ஒரு பொருளை யாரும் பார்க்கக்கூடாது என்றாகிறது. அதைப் பார்த்துவிட்டதற்காக, கொடுத்தவனே கொல்லப்படுகிறான். பரிசு பூட்டிய பொருளாக மாறும் தருணம் மேற்கத்தியப் புனைவில் இவ்வளவு துல்லியமாக இதற்குமுன் பதிவானதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி மோதிரம். சௌரானின் கையிலிருந்து அதை வெட்டியெடுத்த இசில்டூர் என்ற மனித அரசன், போரில் மாண்ட தந்தைக்கும் தம்பிக்கும் ஈடாக அதை வைத்துக்கொள்கிறான். தன் வடநாட்டு அரசின் குலப்பொருளாக்குவேன் என்று எழுதியும் வைக்கிறான். முறைப்படியான உரிமைக்கோரிக்கை. மோதிரம் இரண்டே ஆண்டுக்குள் அவனைச் சாகடித்து ஆற்றில் நழுவுகிறது. வெகுகாலம் கழித்து எல்ஃப் தலைவன் எல்ராண்டின் சபையில், எதிரே இருக்கும் அரகார்ன் இசில்டூரின் வாரிசு என்று அறிந்த ஃப்ரோடோ, அப்போது மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட், அப்படியானால் இது உங்களுடையது என்று திடுக்கிட்டுச் சொல்கிறான். அரகார்ன் அது நம் இருவருடையதும் அல்ல என்கிறான். சட்டப்படி வாரிசு, கைக்கெட்டும் தொலைவில் பொருள், ஆனாலும் உரிமை செல்லாது.

இதே அரகார்னிடம் வேறொரு மோதிரமும் உண்டு. தன் உயிரைக் காத்த பாராஹிர் என்ற மனிதனுக்கு எல்ஃப் அரசன் ஃபின்ராட் நன்றியாகக் கொடுத்தது. பாராஹிர் மோதிரம் மகனுக்குப் போகிறது, வழிவழியாக இறங்குகிறது. ஆர்வெடுயி என்ற அரசன் உறைபனி நாட்டில் தனக்குச் சோறு போட்ட எளிய மக்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பின்னர் அவன் குலத்தார் விலை கொடுத்து மீட்கிறார்கள். எவ்வித மந்திரமும் அதில் இல்லை. கொடுக்க முடிந்தது, அதனால் ஆயிரமாயிரம் ஆண்டு நிலைத்தது. இரண்டு மோதிரங்களையும் டோல்கீன் எங்கும் அருகருகே வைத்து ஒப்பிடவில்லை. வாசகர்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரு பிறந்தநாள் விருந்தில் தொடங்குவதும் இதனால்தான் பொருள்படுகிறது. ஹாபிட்கள் தங்கள் பிறந்தநாளில் பிறருக்குப் பரிசு கொடுப்பவர்கள். 111 வயதாகும் பில்போ வீட்டிலிருக்கும் சாமான்கள் பலவற்றுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி ஊராருக்கு வழங்குகிறான். ஒன்று மட்டும் போக மறுக்கிறது. மோதிரத்தை உறையிலிட்டு ஃப்ரோடோவுக்கென்று மாடத்தில் வைத்துவிட்டதாகச் சொல்கிறான். பார்த்தால் சட்டைப்பையில் இருக்கிறது. மந்திரவாதி கேண்டால்ஃப் வற்புறுத்தியபின் உறையை மாடத்தில் வைக்கப் போகும்போது கை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கிறது, உறை தரையில் விழுகிறது. சாவாமையின் பிடி எப்படிப்பட்டது என்பதை எந்தப் போர்க்களக் காட்சியையும்விட அந்த ஒரு கை இழுப்பு எனக்கு உணர்த்தியிருக்கிறது.

மோதிரம் பலமுறை கைமாறத்தானே செய்கிறது என்று இங்கே மறுப்பு எழலாம். மாறுகிறது, ஆனால் கொலையால், நழுவலால், தற்செயலால். கைமாறுவதும் கொடுப்பதும் ஒன்றல்ல. அதன் பிடியில் இருந்தும் தானாக மனமொப்பி அதை விட்டவர்கள் பில்போவும், சிறிது நேரம் சுமந்து திருப்பித் தந்த ஃப்ரோடோவின் தோழன் சாமும்தான்.

டோல்கீனின் உலகில் இதற்கு அடித்தளமும் உண்டு. அவர் மரணத்துக்கு வைத்த பெயரே மனிதருக்கு இறைவன் தந்த கொடை என்பது. நூமெனோர் தீவின் பழைய அரசர்கள் காலம் வந்ததும் செங்கோலை மகனிடம் தந்து, மனமுவந்து உயிரை விடுகிறார்கள். தார்-அதனமிர் என்பவன் முதன்முதலில் மறுக்கிறான். மூளை மழுங்கும்வரை உயிரையும் அரியணையையும் பிடித்துக்கொண்டிருக்கிறான், பருவத்தில் ஆளவேண்டிய மகன் காத்துக் கிடக்கிறான். அங்கே மாயப்பொருள் எதுவும் இல்லை. அரியணையே போதுமாக இருக்கிறது.

உர்சுலா லெ குவினின் 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' (1972) நாவலையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். காப் என்ற மந்திரவாதி சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே ஒரு துளையைத் திறக்கிறான். பேழையோ மோதிரமோ இல்லை. விளைவு என்ன? கடலில் தெப்பம் கட்டி வாழும் மக்களின் திருவிழா இரவில், விடிவதற்குள் பாடகர்களுக்குப் பாட்டு மறந்துபோகிறது. வழிவழியாக வந்த பாட்டு. ஒருவன் சாகாதிருக்க முயன்றான், ஒரு மக்கள் கூட்டத்தின் பாட்டு நின்றுபோனது.

ஜே. கே. ரௌலிங்கின் ஏழு நாவல்களில் (1997–2007) இந்தச் சிந்தனை மிக வெளிப்படையாகவே கட்டப்பட்டிருக்கிறது. சாவாமை தேடும் மந்திரவாதி வோல்டமார்ட் தன் ஆன்மாவைத் துண்டாக்கி வைக்கத் தேர்ந்தெடுத்த பொருள்களைப் பாருங்கள்: தாய்வழி மாமனிடமிருந்து பறித்த குலமோதிரம், ஹாக்வார்ட்ஸ் மாயப்பள்ளியின் நிறுவனர்கள் விட்டுச்சென்ற ஸ்லிதரினின் பதக்கம், ஹஃபல்பஃபின் கிண்ணம், ரேவன்க்ளாவின் முடியணி. எல்லாமே தலைமுறை தாண்டி வந்தவை. கிளிக்கும் முட்டைக்கும் பதிலாகக் குலப்பொருள். 'ஹாஃப்-பிளட் பிரின்ஸ்' (2005) நாவலில் ஹெப்சிபா ஸ்மித் என்ற முதிய செல்வச் சீமாட்டி, கடைச்சிப்பந்தியாக வரும், பின்னாளில் வோல்டமார்ட் ஆகப்போகும் இளம் டாம் ரிடிலுக்குக் கிண்ணத்தையும் பதக்கத்தையும் ஆசையாக எடுத்துக் காட்டுகிறாள். கந்தலுடுத்திய ஒரு பெண் பதக்கத்தை அற்பக் காசுக்கு விற்றுவிட்டாளாம் என்று சிரிக்கிறாள். அந்தப் பெண் அவன் தாய். சங்கிலியைப் பிடித்திருக்கும் அவன் விரல்மூட்டுகள் வெளுக்கின்றன. பதக்கத்துக்கு அவன்தான் நியாயமான வாரிசு. அதுதான் இந்தக் காட்சியின் துயரம். வாரிசாகப் பெற்றிருந்தால் ஒருநாள் கொடுக்கவும் வேண்டியிருக்கும். அவன் கொன்று எடுக்கிறான், அதற்குள் தானே குடியேறி வாசலை அடைக்கிறான்.

முடியணியின் கதையில் பழைய நாட்டார் கதை அப்படியே தலைகீழாகிறது. அங்கே அடைபட்ட பெண் நயமாகப் பேசி அரக்கனின் ரகசியத்தைப் பிடுங்கினாள். இங்கே டாம் ரிடில், தாய் ரேவன்க்ளாவிடம் முடியணியைத் திருடிய ஹெலினாவின் ஆவியிடம் நயமாகப் பேசி, அது அல்பேனியக் காட்டில் மரப்பொந்தில் கிடப்பதைக் கறந்துகொள்கிறான். பின்பு ஹாக்வார்ட்ஸில் ஒரு ரகசிய அறையில் கொண்டுவந்து வைக்கிறான். பல நூற்றாண்டுகளாக மாணவர்கள் ஒளித்துவைத்து, எடுக்க வராமலே போன சாமான்கள் மலையாகக் குவிந்த அறை அது: உடைந்த நாற்காலி, பழைய புத்தகம், அழுக்கு விக். வாரிசற்ற பொருள்களின் இடுகாடு. கதைநாயகன் ஹாரி ஒருமுறை தெரியாமலே அந்த முடியணியைத் தூக்கி, ஓர் அசிங்கமான கிழவன் சிலையின் தலையில் அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் போகிறான்.

பொருள்களில் வோல்டமார்ட்டின் நாட்குறிப்பு ஒன்றுதான் இந்த வரிசையில் பொருந்தாததுபோல் தோன்றும். லண்டன் கடையில் வாங்கிய சாதாரண நோட்டு அது. ஆனால் எழுத்தைவிடப் பெரிய வழிவழிச் சொத்து எது? இருந்தவன் எழுதியதை இனி வருபவன் படித்துப் பெறுகிறான். இந்த நோட்டில் அது எதிர்த்திசையில் ஓடுகிறது. பதினோரு வயது ஜின்னி தன் மனத்தையெல்லாம் எழுதிக் கொட்டுகிறாள். ஏட்டுக்குள் இருப்பவன் அவள் உயிரைக் குடித்து உருவம் பெறுகிறான். வயதான எழுத்து இளம் வாசகியைத் தின்கிறது.

இருட்பொருள்களை அழிக்கும் பயணம் ஓர் உயில் வாசிப்பில் தொடங்குவதும் தற்செயலாக இராது. இறந்துபோன தலைமையாசிரியர் டம்பிள்டோர் விட்டுச்சென்றவற்றை மாய அமைச்சகம் ஒரு மாதம் முடக்கி வைத்தபின் ஹாரியிடமும் அவன் நண்பர்கள் இருவரிடமும் தருகிறது. கோப்ளின்கள் செய்த வாள் மட்டும் மறுக்கப்படுகிறது. பின்னால் கிரிப்ஹுக் என்ற கோப்ளின் அந்த வாளைக் கோரும்போது, செய்தவனுக்கே பொருள் சொந்தம், வாங்கியவன் ஆயுள்வரை வாடகைக்கு வைத்திருப்பவன்தான் என்ற கோப்ளின்களின் எண்ணம் வெளிப்படுகிறது. என் வாதத்துக்கே இது ஓர் இடைஞ்சல்; குலப்பொருள் எல்லாம் புனிதமல்ல, சிலவற்றின் பின்னே ஏமாற்றப்பட்ட கைவினைஞன் நிற்கிறான் என்ற நினைவூட்டல். ரௌலிங் அதைத் தீர்க்காமலே விடுகிறார், நானும் தீர்த்துவிட்டதாகச் சொல்லப்போவதில்லை.

ரௌலிங்கின் கடைசி நாவலில் வரும் மூன்று சகோதரர் கதையில் மூத்தவனின் மந்திரக்கோல், வைத்திருப்பவனை வீழ்த்துவதால்தான் கைமாறுகிறது, நடுவன் இறந்தவரை அழைக்கும் கல்லோடு தானே மாய்கிறான். இளையவன் கிழவனானபின் மாயப்போர்வையைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு மரணத்தோடு நட்பாகப் போகிறான். கடைசியில் ஹாரி கல்லைக் காட்டில் நழுவவிடுகிறான், கோலை டம்பிள்டோரின் கல்லறைக்கே அனுப்ப முடிவெடுக்கிறான், போர்வையை மட்டும் வைத்துக்கொள்கிறான். உருவப்படத்திலிருக்கும் டம்பிள்டோர் அதை ஆமோதிக்கும்போது, நீ அடுத்தவருக்குக் கொடுக்கும்வரை உன்னுடையது என்ற பொருள்படச் சொல்கிறார்.

தொடங்கிய இடத்துக்கு ஒரு பாக்கி இருக்கிறது. 1951-இல் 'தி ஹாபிட்' மாறியபோது 1937-இன் காட்சியை டோல்கீன் தூக்கி எறிந்துவிடவில்லை. பில்போ முதலில் சொன்ன பொய்க்கதை அது என்று அமைத்துக்கொண்டார்: மோதிரம் எனக்குப் போட்டியில் கிடைத்த பரிசு என்று நண்பர்களிடம் சொல்லி, தன் நினைவுக்குறிப்பிலும் அப்படியே எழுதிவைத்தான் என்று. கொல்லமும் ஏறக்குறைய இதையே சொல்பவன். நண்பனின் கழுத்தை நெரித்துப் பறித்ததைத் தன் பிறந்தநாள் பரிசு என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பவன். இரண்டு பொய்களும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்தபோதுதான் கேண்டால்ஃப் மோதிரத்தைப் பற்றி அஞ்சத் தொடங்குகிறார். இருவரும் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கண்டெடுத்தேன் என்றோ, வாங்கினேன் என்றோ. இருவருக்கும் வாயில் வந்த சொல் பரிசு.